கட் பாலைத் தூக்கி அடிப்பது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் டேபிள் டென்னிஸ் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தருமபுரியில் நான் டேபிள் டென்னிஸ் ஆட ஆரம்பித்தபோது வயது முப்பத்தாறு. அலுவலகம் முடிந்து சாயங்காலம் ஆடப் போகும் இடத்துக்கு ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வருவார். அறுபதைத் தாண்டியவர். நின்ற இடத்தை விட்டு அதிகம் நகர மாட்டார். எந்தப் பந்து போனாலும் மேலிருந்து கீழே ஒரு வெட்டு வெட்டி அனுப்புவார், அவ்வளவுதான். நான் ஓங்கி அடிப்பேன், பந்து நேராக வலையில் போய் விழும். இன்னும் பலமாக அடிப்பேன், இன்னும் கீழே போய் விழும். எட்டு மாதம் அவரிடம் ஒரு கேம்கூட எடுக்க முடியவில்லை.

அந்த எட்டு மாதத்தில் தப்பான பேட் இரண்டு வாங்கினேன். தோள்பட்டை வலி வந்து மூன்று வாரம் பிசியோதெரபிக்குப் போனேன். வீடியோக்கள் பார்த்து ஒவ்வொரு வாரமும் ஒரு புது முறையைப் பிடித்து, அடுத்த வாரம் அதை விட்டேன். பிறகு அந்த வாத்தியாரே உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். அப்போதுதான் நான் வரிசை தெரியாமல் கஷ்டப்பட்டிருக்கிறேன் என்று புரிந்தது. வரிசையாகச் செய்தால் இது வாரம் மூன்று நாள் வீதம் மூன்று, நான்கு மாத வேலை. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

பேக் ஸ்பின் என்பதை நம் பக்கம் எல்லோரும் 'கட்' என்றுதான் சொல்கிறோம். நானும் அப்படியே எழுதுகிறேன். எல்லாமே வலக்கை ஆட்டக்காரருக்குச் சொல்வது. இடக்கைக்காரர்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் பேட்டைச் சரி செய்யுங்கள்

கட் பால் தன் அச்சில் பின்பக்கமாகச் சுழன்றுகொண்டு வருகிறது. உங்கள் ரப்பரில் பட்டதும் அந்தச் சுழற்சி பந்தைக் கீழ்ப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். வலையில் விழுவது அதனால்தான். அதை மேலே கொண்டுபோக ரப்பர் பந்தைப் பிடிக்க வேண்டும். பிடிக்காத ரப்பரை வைத்துக்கொண்டு எவ்வளவு பழகினாலும் பந்து வழுக்கும்.

என் முதல் பேட் 650 ரூபாய். கடையில் பிளாஸ்டிக் உறையோடு தொங்குமே, அந்த வகை. ரப்பர் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. அதிலேயே நான்கு மாதம் போராடினேன். அடுத்து, ஆத்திரத்தில் 6,800 ரூபாய்க்குக் கார்பன் கலந்த பேட் வாங்கினேன். அது வேகமான பேட். பந்து ரப்பரில் பட்ட நொடியே தெறித்து மேசைக்கு வெளியே போகும், உரசவே நேரம் கிடைக்காது. கற்றுக்கொள்பவருக்கு இரண்டுமே ஆகாது.

வாங்க வேண்டியது இது: முழுக்க மரத்தாலான 'ஆல்ரவுண்ட்' வகை பிளேடு (ரப்பர் ஒட்டாத வெறும் பேட்), 85 கிராம் சுற்றுவட்டாரத்தில். இரண்டு பக்கமும் பிடிப்புள்ள சமதள ரப்பர், அதற்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் 1.8 முதல் 2 மி.மீ. எனக்குப் பிளேடு 2,600, ரப்பர் ஒன்று 1,900 வீதம் இரண்டு, மொத்தம் 6,400 ரூபாய் ஆனது. பள்ளிப் பிள்ளைக்கு என்றால் இவ்வளவு போட வேண்டாம். 1,500லிருந்து 2,500 ரூபாய்க்குள் பிடிப்புள்ள ரப்பரோடு ரெடிமேட் பேட் கிடைக்கும், முதல் வருஷத்துக்கு அது போதும்.

கடையில் பேட்டைக் கையில் பிடித்துப் பார்க்க முடிந்தால் பந்து ஒன்றை ரப்பர் மேல் வைத்து லேசாக அழுத்தி இழுத்துப் பாருங்கள். பந்து ரப்பரோடு சேர்ந்து உருள வேண்டும், சறுக்கக் கூடாது. தருமபுரிக்காரர்கள் சேலத்துக்கும், ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்கள் பெங்களூருக்கும் ஒரு முறை போய்வந்தால் இந்தச் சோதனையைச் செய்து வாங்கலாம். ஆன்லைனில் வாங்கினால் கடைக்காரரே ரப்பரை ஒட்டித் தருவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை நீங்களே ஒட்டினால் குமிழி விழும்.

போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ரப்பரில் ஐ.டி.டி.எஃப். (சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனம்) முத்திரை இருக்க வேண்டும். ஒட்டும்போது அது கைப்பிடிப் பக்கம், கண்ணுக்குத் தெரியும்படி வர வேண்டும். ஒரு பக்கம் கறுப்பு கட்டாயம், மறுபக்கம் வேறு பளிச்சென்ற நிறம்.

வெயிலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் பேட்டை வைத்துவிட்டு அலுவலகம் போகாதீர்கள். சாயங்காலம் எடுத்துப் பார்த்தபோது என் ரப்பரின் ஓரம் வடகம் மாதிரி சுருண்டு எழும்பியிருந்தது. பேட் உங்களோடு உள்ளே வரட்டும். ஆடி முடித்ததும் ஈரப் பஞ்சால் ஒரு துடைப்பு துடைத்து, காய்ந்ததும் உறையில் போடுங்கள். தூசி படிந்த ரப்பர் கட் பாலைத் தூக்காது. நடுவில் வட்டமாகப் பளபளப்பு ஏறிவிட்டால் ரப்பரை மாற்றும் காலம் வந்துவிட்டது. வாரம் மூன்று நாள் ஆடும் எனக்குப் பத்து மாதத்துக்கு ஒரு முறை அது வருகிறது.

2. மேசை, துணை, பந்துகள்

மேசை எங்கே கிடைக்கும் என்று தெரியாவிட்டால் முதலில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் உண்டு. எந்தக் கல்லூரியில், எந்த மன்றத்தில் வெளியாட்களை விடுகிறார்கள் என்பது அங்கே வந்து போகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஓசூரில் கம்பெனி மனமகிழ் மன்றங்களையும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கிளப் ஹவுஸ்களையும் விசாரியுங்கள். நான் மாதம் 500 ரூபாய் கட்டுகிறேன். பயிற்சியாளரோடு என்றால் 1,500 முதல் 2,500 வரை கேட்கிறார்கள். சேருவதற்கு ஆதார் நகலும் இரண்டு புகைப்படமும் கேட்டார்கள். கையில் வைத்துக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம்.

ஒரே ஒரு பந்தை வைத்துக்கொண்டு இந்த ஷாட் பழக வராது. தொடக்கத்தில் பத்துப் பந்தில் எட்டு வலையில் விழும், பொறுக்குவதிலேயே சாயங்காலம் போய்விடும். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஆறு டஜன் பயிற்சிப் பந்து உள்ள பெட்டி ஒன்றை 1,700 ரூபாய்க்கு வாங்கினோம், தலைக்கு 570. மூன்று நட்சத்திரப் பந்து பயிற்சிக்குத் தேவையில்லை, ஒன்றே நூறு ரூபாய்க்கு மேல் வரும். பந்துகளைப் போட ஒரு பிளாஸ்டிக் கூடை, மேசைக்குப் பின்னால் கட்ட ஒரு பழைய கொசுவலை. கொசுவலையில் படும் பந்து எல்லாம் ஒரே இடத்தில் சேரும். இதைச் செய்த பிறகு ஒரு மணி நேரத்தில் நான் அடித்த பந்துகள் மூன்று மடங்கு ஆயின.

துணைக்கு வருபவர் நன்றாக ஆடத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. கூடையிலிருந்து பந்தை எடுத்து ஒரே மாதிரி கட் போட்டு ஒரே இடத்துக்கு அனுப்பத் தெரிந்தால் போதும். மின்விசிறியை மட்டும் அணைத்துவிடுங்கள். பந்தின் எடை 2.7 கிராம்தான். விசிறிக் காற்றில் பழகினால் எது உங்கள் தப்பு, எது காற்றின் வேலை என்று தெரியாமலே போய்விடும்.

3. தொடலைத் தனியாகப் பழகுங்கள்

மேசைக்குப் போகும் முன் வீட்டுக் கூடத்திலேயே ஒரு வாரம் செய்ய வேண்டியது இது. செலவு கிடையாது.

பந்தை இடக்கையால் மேலே போட்டு, பேட்டை அதன் அடிப்பக்கமாக முன்னால் தள்ளி உரசுங்கள். பந்து தரையில் விழுந்து முன்னால் போய், நின்று, உங்களை நோக்கித் திரும்பி உருண்டு வர வேண்டும். வந்தால் நீங்கள் கட் போடக் கற்றுக்கொண்டீர்கள். எவ்வளவு மெல்லியதாகத் தொட்டால் எவ்வளவு சுழல்கிறது என்பது கைக்குத் தெரியவேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். தானே கட் போடத் தெரியாதவருக்கு எதிராளியின் கட் புரியாது.

அடுத்து, பேட்டைச் செங்குத்தாகப் பிடித்து, பந்தைத் தரையில் ஒரு முறை குதிக்கவிட்டு, அது இறங்கும்போது பின்பக்கத்தைக் கீழிருந்து மேலாக உரசிச் சுவரை நோக்கி அனுப்புங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். 'டக்' என்று மரத்தின் சத்தம் வந்தால் நீங்கள் அடித்திருக்கிறீர்கள். 'ஸ்ஸ்க்' என்று வந்தால் உரசியிருக்கிறீர்கள். நமக்கு வேண்டியது இரண்டாவது. முதல் நாள் இருபதில் மூன்று வரும். ஒரு வாரத்தில் பதினைந்து வரும்.

4. வருவது கட் தானா என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், நானும் தாண்டிப் போனேன். ஷாட் சரியாக வந்தும் புள்ளி போகும், ஏனென்றால் வந்த பந்து கட்டே இல்லை.

பந்தைப் பார்க்காதீர்கள். எதிராளியின் பேட் பந்தைத் தொடும் அந்த இடத்தைப் பாருங்கள். பேட்டின் முகம் கொஞ்சம் வானத்தைப் பார்த்தபடி, மேலிருந்து கீழும் முன்னுமாக இறங்கினால் கட். வேகமாக இறங்கி மெல்லியதாக உரசினால் கனமான கட். அதே கை வீச்சோடு வந்து, தொடும் நேரத்தில் மட்டும் உரசாமல் பேட்டின் நடுவில் பந்தை ஏந்தி அனுப்பினால் அதில் சுழற்சி இருக்காது. வாத்தியார் என்னை அதிகம் ஏமாற்றியது இதில்தான். கை ஒன்றுதான், சத்தம் வேறு. ஏந்தி அனுப்பும்போது 'டொக்' என்று கேட்கும்.

பந்து வரும் நடையும் சொல்லும். கனமான கட் மேசையில் குத்தியதும் தயங்கும், உயரம் எழும்பாது. பந்தின் மேல் அச்சடித்த முத்திரை தெளிவாகத் தெரிந்தால் சுழற்சி இல்லை, கலங்கலாகத் தெரிந்தால் உண்டு.

எதிராளி நீளப் பிம்பிள் ரப்பர் (நீளமான புடைப்புகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது) போட்டிருந்தால் கணக்கே மாறும். இந்திய வீராங்கனை மணிகா பத்ரா பேக்ஹேண்டில், அதாவது புறங்கைப் பக்கத்தில், வைத்து ஆடுகிறாரே, அந்த வகை. நம் ஊர் மன்றங்களில் ஒரு பெரியவராவது அதை வைத்திருப்பார். நீங்கள் டாப் ஸ்பின் (முன்பக்கச் சுழற்சி) போட்டால் அவர் சும்மா தடுத்தாலே கட்டாகத் திரும்பி வரும். நீங்கள் கட் போட்டு அனுப்பினால் திரும்பி வருவதில் கட் இருக்காது, லேசாக முன் சுழற்சியோடு வரும். அதைக் கட் என்று நினைத்துத் தூக்கினால் பந்து மேசையைத் தாண்டிப் போகும். ஆட்டம் தொடங்கும் முன் எதிராளியின் பேட்டை வாங்கிப் பார்க்க விதியிலேயே இடம் உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள்.

5. ஃபோர்ஹேண்டில் தூக்குவது

ஃபோர்ஹேண்ட் என்பது உள்ளங்கைப் பக்கத்தால் ஆடுவது. இதற்குத்தான் அதிக நாள் ஆகும். ஆறு வாரம் ஒதுக்குங்கள்.

நிற்பது: வலது கால் பின்னால், இரண்டு கால்களும் தோளைவிட அகலம். முழங்காலை மடக்குங்கள். எடை வலது காலில் இருக்கட்டும். வலது தோள் கொஞ்சம் தாழட்டும். பேட் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் இறங்கி இருக்க வேண்டும். பந்தைவிடக் கீழே பேட் இல்லாவிட்டால் தூக்க முடியாது, இது கணக்கு மாதிரி. மேசை உயரம் 76 செ.மீ., அதற்கு மேல் வலை 15.25 செ.மீ. நீங்கள் பந்தைத் தொடுவது பெரும்பாலும் மேசை மட்டத்திலோ அதற்கும் கீழேயோ. அங்கிருந்து வலையைத் தாண்டும் உயரத்தைப் பேட்டின் ஏற்றம்தான் கொடுக்க வேண்டும்.

காத்திருப்பது: "தம்பி, பந்து இறங்கட்டும். நீ ஏன் ஓடிப் போய்ப் பிடிக்கற?" வாத்தியார் முதலில் சொன்னது இதைத்தான். குதித்து உச்சிக்குப் போன பந்து இறங்கத் தொடங்கி, இடுப்புக்கும் தொடைக்கும் நடுவில் வரும்வரை பொறுங்கள். கட் பால் மெதுவாகத்தான் வரும், உங்களுக்கு நேரம் இருக்கிறது. அந்த அரை நொடி பொறுக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. வாத்தியார் ஒரு தந்திரம் செய்தார். பந்து மேசையில் குத்தும்போது "ஒண்ணு", உச்சியில் "ரெண்டு", அடிக்கும்போது "மூணு" என்று வாய்விட்டுச் சொல்ல வைத்தார். முதலில் "ரெண்டு"க்கே கை போய்விடும். "மூணு" வாயில் வந்தபிறகுதான் கை நகர வேண்டும்.

தொடுவது: பேட் கிட்டத்தட்டச் செங்குத்து. கனமான கட் என்றால் பேட்டின் முகம் கொஞ்சம் திறக்கலாம், அதாவது வானத்தைப் பார்க்கலாம். பந்தின் பின்பக்க நடுவைத் தொட்டு, மேலேயும் கொஞ்சம் முன்னேயும் உரசுங்கள். தோசைத் திருப்பியைக் கொடுப்பது போலப் பந்துக்கு அடியில் பேட்டைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பந்து கொடிக் கம்பம் மாதிரி எழும்பி எதிராளிக்கு விருந்தாகும். தொட வேண்டியது பின்பக்கம், போக வேண்டிய திசை மேலே.

முடிப்பது: கை நெற்றிக்கு முன்னால் சல்யூட் அடிப்பது போல வந்து நிற்கட்டும். அதோடு எடை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற வேண்டும். மடங்கிய முழங்கால் நிமிர்வதுதான் பந்தைத் தூக்குகிறது, கை அதற்குப் பின்னால் வருகிறது. நான் கையால் மட்டும் தூக்கினேன். தோள்பட்டை வலி வந்தது அதனால்தான். ஒரு முறைக்கு 300 ரூபாய், எட்டு முறை போனேன். தோள் வலித்தால் அன்று நிறுத்திவிடுங்கள், அடுத்த நாள் முழங்காலைக் கவனியுங்கள்.

கட் பால் தூக்குவதில் நமக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. வரும் பந்தின் சுழற்சித் திசையை நீங்கள் மாற்ற வேண்டியதில்லை. அது எந்தப் பக்கம் சுழல்கிறதோ அதே பக்கம்தான் உங்கள் பேட்டும் அதை மேலும் சுழற்றுகிறது. எதிராளி கொடுத்த கட் அத்தனையும் உங்கள் டாப் ஸ்பின்னாகத் திரும்பிப் போகிறது. அதனால் மெதுவாகத் தூக்கினாலும் அவர் பேட்டில் பட்டதும் பந்து எகிறும். வேகம் தேவையே இல்லை என்று சொல்வது இதனால்தான். முதல் மாதம் வலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் மெதுவாகப் போகும் பந்தைக் குறி வையுங்கள்.

எனக்கு முதல் பந்து சரியாக ஏறிய சாயங்காலம் நன்றாக நினைவிருக்கிறது. சத்தமே இல்லை. பந்து வலைக்கு மேல் வளைந்து ஏறி, அந்தப் பக்கக் கோட்டுக்கு ஒரு கை முன்னால் சட்டென்று இறங்கி, குத்தியதும் முன்னால் பாய்ந்தது. வாத்தியார் பேட்டை வைத்தார், பந்து அவர் தலைக்கு மேல் போனது. "இதுதாம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் பந்தைப் பொறுக்கப் போனார்.

பயிற்சி வரிசை: முதல் வாரம், பந்தை நீங்களே மேசை ஓரத்தில் விட்டுக் குதிக்கவைத்துத் தூக்குங்கள், நாளுக்கு ஐம்பது. இரண்டு, மூன்றாம் வாரம், துணை ஒரே இடத்துக்குக் கட் போடட்டும், நாளுக்கு நூற்றைம்பது. பத்துக்கு ஏழு மேசையில் விழும்வரை வேகத்தைக் கூட்டாதீர்கள். நான்காம் வாரத்திலிருந்து இடத்தை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள், கால் நகர வேண்டும். ஐந்து, ஆறில், கனமான கட்டையும் சுழற்சி இல்லாத வெற்றுப் பந்தையும் சொல்லாமல் கலந்து போடச் சொல்லுங்கள்.

தப்பு எங்கே என்று பந்தே சொல்லும். வலையில் விழுந்தால் அவசரப்பட்டிருக்கிறீர்கள், அல்லது முழங்கால் மடங்கவில்லை, அல்லது பேட்டின் முகம் கீழே பார்த்தபடி மூடியிருக்கிறது. இந்த வரிசையிலேயே சோதியுங்கள், பெரும்பாலும் முதலாவதுதான் காரணம். மேசையைத் தாண்டினால் வந்தது வெற்றுப் பந்து, அல்லது உரசாமல் தள்ளியிருக்கிறீர்கள். பேட்டின் விளிம்பில் பட்டால் கடைசி நேரத்தில் எதிராளியைப் பார்த்திருக்கிறீர்கள்.

பார்த்துக் கற்க விரும்பினால் 2003இல் பாரிஸில் நடந்த உலக சாம்பியன்ஷிப் ஆண்கள் இறுதி ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். கொரியாவின் ஜூ சே ஹ்யூக் தூரத்தில் நின்று கட் போட்டுக்கொண்டே இருப்பார், ஆஸ்திரியாவின் வெர்னர் ஷ்லாகர் தூக்கிக்கொண்டே இருப்பார். பந்தை விட்டுவிட்டு ஷ்லாகரின் முழங்காலை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள்.

6. பேக்ஹேண்டில் தூக்குவது

இதை ஃபோர்ஹேண்ட் நிலைத்த பிறகு எடுங்கள். கால்கள் ஏறத்தாழ இணையாக நிற்கட்டும். பேட் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறங்கி, மணிக்கட்டு உள்பக்கம் மடங்கி, நுனி உங்களைப் பார்த்தபடி இருக்கட்டும். முழங்கை கொஞ்சம் முன்னால். பந்தை உடம்புக்கு நேர் முன்னால் தொடுங்கள், பக்கவாட்டில் போனால் கை நீட்டித் தூக்காதீர்கள், நகர்ந்து போங்கள். முன்னங்கையும் மணிக்கட்டும் விசிறி போல விரிய வேண்டும். ஃபோர்ஹேண்டைவிடக் கொஞ்சம் முன்னதாக, உச்சியிலோ அதை ஒட்டியோ தொடலாம். ஒரு மாதம் போதும்.

7. குட்டைப் பந்தை விட்டுவிடுங்கள்

வலைக்குப் பக்கத்தில் விழுந்து, விட்டால் மேசையிலேயே இரண்டாவது முறை குதிக்கக்கூடிய கட் பாலைத் தூக்க முடியாது. பேட் கீழே இறங்க மேசை இடம் தராது. அதை ஃப்ளிக் செய்யலாம்: வலது காலை மேசைக்கு அடியில் வைத்து, பந்து உச்சியில் இருக்கும்போது மணிக்கட்டால் சொடுக்குவது. ஆனால் முதல் ஆறு மாதம் அதற்குப் போகாதீர்கள். குட்டையாக வந்தால் குட்டையாகவே தள்ளுங்கள், அல்லது எதிராளியின் மூலைக்கு நீளமாகத் தள்ளுங்கள். நீளமாக வருவதை மட்டும் தூக்குங்கள். எது நீளம் என்று ஓரக்கோட்டை வைத்து முடிவு செய்யலாம். ஒரு குதி குதித்து மேசையை விட்டு வெளியே வருவது நீளம்.

8. தூக்கக்கூடிய பந்தை வரவழைப்பது

ஆட்டத்தில் கூடையிலிருந்து பந்து வராது. நீங்கள்தான் வரவழைக்க வேண்டும். எளிதான வழி: குட்டையாக ஒரு கட் சர்வீஸ் போடுங்கள். தொடக்க நிலையில் பத்தில் எட்டு பேர் அதைக் கட்டாகவே, நீளமாகத் தள்ளுவார்கள். சர்வீஸ் போட்டதும் அரை அடி பின்னால் வந்து, முழங்காலை மடக்கிக் காத்திருங்கள். வருவதைத் தூக்குங்கள். பயிற்சியின் கடைசிப் பதினைந்து நிமிடத்தை இதற்கே வையுங்கள்.

சர்வீஸில் விதி பிசகாமல் பாருங்கள். விரித்த உள்ளங்கையில் பந்து, நேர் மேலே குறைந்தது 16 செ.மீ. போட வேண்டும், எதிராளிக்குப் பந்தை மறைக்கக் கூடாது. மன்றத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். போட்டியில் நடுவர் புள்ளியை எடுத்துவிடுவார்.

9. தூக்கிய பிறகு வரும் பந்து

இங்கேதான் நிறைய பேர் புள்ளியை விடுகிறார்கள். அழகாகத் தூக்கிவிட்டு நின்று பார்க்கிறார்கள். எதிராளி வெறுமனே பேட்டை வைத்தாலே பந்து டாப் ஸ்பின்னோடு வேகமாகத் திரும்பி வரும். இப்போது கீழிருந்து தூக்கினால் பந்து கூரைக்குப் போகும். சல்யூட் முடிந்ததும் பேட்டை மார்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள், அதன் முகத்தைக் கொஞ்சம் கீழே பார்த்தபடி மூடுங்கள், இரண்டாவது பந்தை முன்னோக்கி அடியுங்கள். துணையிடம் சொல்லி ஒரு கட், ஒரு பிளாக் (பேட்டை வைத்துத் தடுப்பது) என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்லி இரண்டு வாரம் பழகுங்கள்.

வாத்தியார் மாதிரி எல்லாவற்றையும் வெட்டும் ஆள் என்றால் நீங்கள் எவ்வளவு சுழற்சி கொடுக்கிறீர்களோ அதைவிடக் கனமாகத் திரும்பி வரும். அவரிடம் ஒரே மாதிரி ஐந்து பந்து தூக்காதீர்கள். இரண்டு சுழற்சியோடு, ஒன்று அதே வீச்சில் சுழற்சி குறைவாக, பிறகு வலைக்குப் பக்கத்தில் மெதுவாக விழும்படி ஒரு சொட்டு. குறி அவர் முழங்கைக்கு நேராக. அங்கே ஃபோர்ஹேண்டா பேக்ஹேண்டா என்று அவர் முடிவு செய்வதற்குள் பந்து வந்துவிடும். பந்து உயரமாக நின்றால் ஒழிய ஓங்கி அடிக்காதீர்கள்.

10. போட்டிக்குப் போவதானால்

நான்கு மாதம் கழித்து ஒரு உள்ளூர்ப் போட்டியில் ஆடிப் பாருங்கள். நான் கட்டிய நுழைவுக் கட்டணம் 300 ரூபாய். பெரியவர்களுக்கு ஆதார் நகல் போதுமானதாக இருந்தது.

பிள்ளைகளுக்குத்தான் காகித வேலை அதிகம். பள்ளிப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிந்து நடக்கும், அதனால் வயதுச் சான்றுதான் முக்கியம். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளியிலிருந்து போனஃபைட், புகைப்படம் நான்கு. எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்துத் தலைமை ஆசிரியர் கையொப்பமும் முத்திரையும் வாங்கி ஒரு ஃபைலில் போட்டுவையுங்கள்.

என் அக்கா மகனுக்கு நடந்தது இது: பிறப்புச் சான்றிதழில் முன்னெழுத்து மட்டும் இருந்தது, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருந்தது. போட்டிக்கு நான்கு நாள் முன்னால் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள். திருத்தம் வர மூன்று வாரம் ஆனது, அந்த வருடப் போட்டி போய்விட்டது. இன்றைக்கே இரண்டு ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பள்ளி திறந்த உடனே திருத்தக் கொடுத்துவிடுங்கள்.

போட்டி அன்று பையில் இருக்க வேண்டியவை: பேட், இரண்டு துண்டு, தண்ணீர், ரப்பர் அடிப்பாகம் உள்ள உள்ளரங்க ஷூ. சட்டை வெள்ளையாக இருக்கக் கூடாது, பந்து வெள்ளை என்பதால் அனுமதிக்க மாட்டார்கள். கை வியர்த்து ரப்பர் நனைந்தால் பந்து சறுக்கும், அன்றைக்குத் தூக்கும் பந்தெல்லாம் வலையில்தான். ஆறு புள்ளிக்கு ஒரு முறை துண்டை எடுக்க விதி இடம் தருகிறது. தேவைப்படாத மாதிரி இருந்தாலும் ஒவ்வொரு முறையும் எடுங்கள். கையைத் துடையுங்கள், ரப்பரைத் துடையுங்கள், பந்தையும் ஒரு முறை சட்டையில் துடைத்துவிட்டு சர்வீஸுக்குப் போங்கள்.